வினையும் அதைக் கூட்டுவிப்பவனும்

1997 ஆகஸ்டில் சுவீடன் தேசத்துப் பியோர்ன் ஹோல்மேர் தொடங்கி, இன்றும் இணையத்தில் நடந்துவரும் ‘ஹாட்ரிக்’ என்னும் கால்பந்து நிர்வாக விளையாட்டில் ஆடுபவர் பந்தைத் தொடுவதே இல்லை. ஒரு கழகத்தின் மேலாளராக இருந்து, வீரர்களை வாங்கியும் விற்றும், வாரந்தோறும் இன்ன பயிற்சி என்று விதித்தும், யார் எங்கே நிற்பது என்று வகுத்தும் அனுப்பிவிட்ட பிறகு, குறித்த நேரத்தில் ஆட்டம் தானே தொடங்கி, எழுத்து வர்ணனையாக 90 நிமிஷம் ஓடி முடிகிறது. பதினாறு வாரம் ஒரு பருவம். வீரனுக்கு 112 நாளில் ஒரு வயது கூடுகிறது. ஆகவே 17 வயதில் சேர்த்த பையனை 27 வயது வீரனாகக் காண மூன்று வருஷத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும்.

செய்கைக்கும் பயனுக்கும் இடையிலுள்ள இந்த வெளியைப் பற்றி நம் தரிசனங்கள் நெடுங்காலம் வாதித்திருக்கின்றன. யாகம் செய்த அப்பொழுதே அழிந்துபோக, அதன் பலன் மட்டும் பிற்காலத்தில் வந்து சேர்வது எங்ஙனம் என்ற வினாவுக்கு, மீமாம்சகர் ‘அபூர்வம்’ என்ற காணப்படாத சக்தியை விடையாகக் கூறி, பலன் தருவதற்கென ஓர் ஈசுவரன் வேண்டுவதில்லை என்று துணிந்தனர். சைவ சித்தாந்தம் இதற்கு இசையவில்லை. வினை சடம், தன்னைச் செய்தவன் யார், அவனுக்கு எப்பொழுது, எவ்வளவு என்பதை அது அறியாது, ஆதலின் அறிவுடைய ஒருவன் அதைக் கூட்டுவித்தல் வேண்டும். மெய்கண்டாருடைய சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம் இருவினைக்கீடாக உயிர்கள் பிறந்து இறந்து வருவதை இறைவனது ஆணையோடு சேர்த்துப் பேசுகிறது.

இரு அணிகளின் பலத்தையும் எண்களாக எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தற்செயலையும் கலந்து, முடிவை வழங்குகிற ஹாட்ரிக்கின் கணிப்பொறியோ சடமேதான். சடமே பலன் தருகிறதே, சித்தாந்தம் என்னவாயிற்று என்று ஒருவர் கேட்கலாம். அந்த விதிகளை இயற்றியவர்கள் அறிவுடைய மனிதர்கள் என்று விடை சொல்லிவிடலாமாயினும், அது எனக்குப் போதவில்லை. சித்தாந்தம் கூறும் இறைவன், உயிரின் அறிவை மறைத்து நிற்கும் மலம் பரிபாகம் அடையும் பொருட்டே இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டுகிறான். அவன் தரும் தோல்வியும் தோற்றவனுக்காகத் தரப்படுவது. கணிப்பொறி தரும் தோல்வி யாருக்காகவும் தரப்படுவதன்று. நியாயத்தில் அது குறைவுபடுவதில்லை. அருள் என்பது மட்டும் அதனிடம் இல்லை.

நாற்று விட்டுவிட்டு மேட்டூர் அணை திறக்கும் செய்திக்குக் காத்திருக்கும் தஞ்சைக் குடியானவருக்கு இந்த வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை. 1934-இல் கட்டி முடிந்த அவ்வணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கமேயாயினும், நீர் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போய்க் குறுவைச் சாகுபடி கைவிட்டுப் போனதுண்டு. மதகு திறப்பது அடிக்கணக்கைப் பார்த்து என்பதை நன்கறிந்தும், ஆடிப் பதினெட்டில் அவர் வீட்டார் படித்துறையில் இறங்கிக் காதோலை கருகமணி விட்டுக் காவிரியைத் தாயென்றே வணங்குகிறார்கள். பல வருஷம் ஹாட்ரிக் ஆடியவருக்கோ, நன்றி செலுத்த அகப்படுபவர், எதிரணியை வகுத்து அனுப்பிவிட்டு அதே 90 நிமிஷத்தை எங்கோ இருந்து கவனிக்கும் இன்னொரு மனிதர் ஒருவரே. அந்த நன்றியை நான் சிறிதென எண்ணவில்லை. இன்றைய இளைஞரிடம் சித்தாந்தம் பேசப் புகுவோர் அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.