தலைமையாசிரியர் யாருக்குக் கணக்குக் கொடுப்பார்?



முழுப் பரீட்சை முடிந்த சமயத்தில், ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு தாய் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். அவள் மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்தவன்; கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியவன். “பாஸ் போட்டுத் தருகிறோம், ஆனால் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள், சாமி. பத்தாம் வகுப்பில் இவன் ஒருவனால் பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடுமாம்” என்று சொல்லி அழுதாள். பையன் சற்றுத் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். ஒரு பள்ளியில் மட்டும் நடக்கும் காரியமன்று இது. மறுநாள் அந்தத் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். கல்நெஞ்சர் அல்லர், காலையில் முதல் ஆளாய்ப் பள்ளிக்கு வந்து, மாலையில் கடைசி ஆளாய்ப் போகிறவர். “சாமி, போன வருஷம் எங்களில் இரண்டு பிள்ளைகள் தவறிவிட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் என்னை எழுப்பிக் காரணம் கேட்டார்கள். அந்த இரண்டு பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை” என்றார். அவர் சொன்னதும் உண்மை. அந்தத் தாயின் கண்ணீரும் உண்மை. அப்படியானால் தலைமையாசிரியர் என்பவர் யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்?

அவருக்கு எஜமானர்கள் பலர். கல்வித் துறைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர் கேட்பார்கள், ஆசிரியர்கள் கேட்பார்கள். சத்துணவுக் கூடத்தின் அரிசி முதல் கழிப்பறைத் தண்ணீர் வரை அவர் தலைமேல்தான். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறக்கவில்லை. சமையற்கட்டும் கூரையும் படிக்கட்டுங்கூடத் தலைமைப் பொறுப்பில் இருப்பவருடைய மனச்சாட்சியைச் சேர்ந்தவை என்பதை அந்த நாள் நமக்குக் கற்பித்தது. ஆகையால் அவருடைய பாரத்தை நாம் இலேசாக எண்ணலாகாது.

ஆயினும் எஜமானர்கள் பலராயிருக்கும்போது, யாருடைய சொல் முந்தியது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் எதற்காகக் கட்டப்பட்டது? துறைக்காகவா? நிர்வாகத்தின் கீர்த்திக்காகவா? பிள்ளைக்காக அல்லவா? அப்படியானால் மற்றவர்களுடைய உரிமையெல்லாம் பிள்ளையின் உரிமைக்குப் பிந்தியதே. தனக்காகப் பேசத் தெரியாத பிள்ளைக்கே அவர் முதற்கணக்குக் கொடுக்க வேண்டியவர்.

“பள்ளிக்கு நல்ல பெயர் இருந்தால்தானே ஏழைப் பிள்ளைகள் பலர் வந்து பயன் பெறுவார்கள்? ஒருவனுக்காகப் பலருடைய நன்மையை இழக்கலாமா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயம் போலத் தோன்றும் கேள்விதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 45 பேர். ஐவரை அனுப்பிவிட்டு, மீதி 40 பேரும் எழுதித் தேறினார்கள், நூற்றுக்கு நூறு. இன்னொரு பள்ளியிலும் 45 பேர். எல்லாரும் எழுதினார்கள், 42 பேர் தேறினார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுதான். எந்தப் பள்ளி அதிகப் பிள்ளைகளைக் கரையேற்றியது? இரண்டாவது பள்ளியே. ஆனால் மாலையும் பாராட்டும் முதற்பள்ளிக்குப் போகின்றன. அப்படியானால் அந்த நல்ல பெயர் கற்பித்ததால் வந்ததன்று, கழித்ததால் வந்தது. உண்மையல்லாத ஒன்றின்மேல் கட்டிய பெயர் யாருக்கு நன்மை செய்யும்?

மாநிலத்தில் முதலிடங்களைப் பெற்றவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை நம் அரசு 2017இல் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் நூற்றுக்கு நூறு பெற்ற பள்ளிகள் எத்தனை என்ற மோகம் நிற்கவில்லை.

சட்டம் தடுக்காதா என்று கேட்பீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆனால் ஆபத்து தொடங்குவதோ ஒன்பதாம் வகுப்பில். மேலும், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நாமும் நம்மைச் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். சட்டம் கேட்கவில்லை என்பதால் மனச்சாட்சியும் கேளாதிருக்குமா? நூறு ஆடுகளில் காணாமற்போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் உவமையைப் பீடத்திலிருந்து வாசித்துவிட்டு, நம் பள்ளியில் நாமே ஓர் ஆட்டை வெளியே விட்டுக் கதவைச் சாத்தலாமா?

தூரதேசத்து மனிதர் ஒருவரை இங்கே நினைக்கிறேன். யானுஷ் கோர்ச்சாக் என்ற யூத மருத்துவர் போலந்து நாட்டு வார்சாவில் 1912 முதல் ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்தினார். அங்கே பிள்ளைகளே நடத்திய நியாயசபை ஒன்று இருந்தது. பெரியவர்கள் மீதும் அதில் வழக்குத் தொடரலாம். தலைவராகிய கோர்ச்சாக்கே அதன்முன் நின்று பதில் சொல்லியிருக்கிறார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனார்கள். தாம் தப்ப வழியிருந்தும், ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளோடு அவரும் போனார். நம் தலைமையாசிரியர்களிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. சதவிகிதத்தில் இரண்டு மூன்று குறைவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் கேட்கிறோம்.

அப்படிப் பொறுத்துக்கொள்ளும் தலைமையாசிரியர் சும்மா இருப்பவர் அல்லர். பிள்ளை எந்த வகுப்பில் வழுக்கினான் என்று தேடுவார். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குப் பல வேளைகளில் நான்காம் வகுப்புக் கணக்கே தகராறாயிருக்கும். அங்கிருந்து தொடங்கச் செய்வார். வீட்டில் விளக்கு உண்டா, சாப்பாடு உண்டா, விடியற்காலையில் வேலைக்குப் போகிறானா என்று விசாரிப்பார். பலவீனமான பிள்ளையோடு உட்காரும் ஆசிரியரைப் பலர் முன்னே மெச்சுவார். அத்தனையும் செய்தபின் பிள்ளை தவறினால், துணைத் தேர்வுக்கு அவனைத் தயார் செய்வார். கூட்டத்தில் எழுப்பிக் கேட்டால், “இவர்கள் எங்கள் பிள்ளைகள், ஒருவரையும் அனுப்பவில்லை” என்று தலைநிமிர்ந்து சொல்வார்.

அவர் அப்படிச் சொல்ல வேண்டுமானால் நாமும் துணை நிற்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது நாம் முதலில் கேட்பது என்ன? “ரிசல்ட் எத்தனை சதவிகிதம்?” என்பதுதானே? அந்தத் தலைமையாசிரியரை நெருக்கியவர்களில் நாமும் இருக்கிறோம். இந்த ஜூன் மாதத்தில் வேறொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் உங்கள் பள்ளியிலிருந்தே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள்?”

அந்தப் பையன் இப்போது இரண்டு பஸ் மாறி வேறு பள்ளிக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைக் காண்பவர்கள் பரீட்சையைப் பற்றிக் கேளாமல், அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேளுங்கள். மாலை வேளையில் கணக்குச் சொல்லிக்கொடுக்க மனமுள்ளவர்கள் என்னை வந்து பாருங்கள்.

உங்கள் பங்குச் சாமியார்