பின்குளிர்காலத்தில் ஒரு தட்டுப் புல்

பயன் தராத செயலில் கழியும் பொழுது வீண்பொழுதா? இவ்வினாவை எண்ணுங்கால் பின்லாந்து நாட்டு இல்லங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே குளிர்காலம் விடைபெற்றது என்று நம்பியிருக்கும் வேளையில், ஏப்ரலிலும் பனி மீண்டும் பொழிவதுண்டு. அதற்கு அம்மக்கள் இட்ட பெயரே 'பின்குளிர்காலம்' எனப் பொருள்படும்.

அந்நாள்களில் வீட்டினுள் கம்பளிக் காலுறை பின்னுவர். சன்னலோரச் சட்டிகளில் தக்காளி விதை ஊன்றுவர். இவற்றுக்குப் பயனுண்டு. ஆனால், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் சிறுவர்கள் ஒரு தட்டு மண்ணில் புல்விதை தூவி, நாள்தோறும் நீர் தெளித்து வளர்க்கிறார்களே, அதனால் என்ன பயன்? அப்புல் உணவாகாது, விலைபோகாது, விழா முடிந்ததும் வாடிவிடும். எனினும், மேசைமீது அப்பசுமை தளிர்ப்பதைக் காண வீடே காத்திருக்கிறது.

பயன் நல்ல அளவுகோலே. ஆனால், அதுவே ஒரே அளவுகோலாயின் கொடிதாகும். புல்லை அதனால் மட்டுமே அளக்கும் உள்ளம், படுக்கையில் கிடக்கும் முதிய தாயையும் ஒருநாள் அதனாலேயே அளக்கக்கூடும். புல் வளர்ப்பது அன்புப்பணிக்கு ஈடாகாதுதான். ஆயினும், கைம்மாறு கருதாது ஒன்றைப் பேணிப் பழகிய கைகளுக்கு, கைம்மாறு செய்ய இயலாத மனிதரைப் பேணுவது அந்நியமாகத் தோன்றாது. அப்பழக்கம் கற்கும் பொழுதை வீண்பொழுது என்று எவ்வாறு சொல்வோம்?