ஒன்றுபடலும் வாய்மையும்: திருச்சபை இணைப்பில் ஓர் அறச்சிக்கல்

கருத்து வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளாமலேயே இரு தரப்பார் ஒன்றுபடலாமா, அவ்வாறு ஒன்றுபடுதல் வாய்மைக்கு இழுக்காகாதா என்னும் வினா அறவியலில் பழமையானது. இந்தியச் சீர்திருத்தத் திருச்சபைகளின் இணைப்பு வரலாறு இதற்கு இருவேறு விடைகளைத் தந்துள்ளது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய திருச்சபைத் தலைவர்கள், தம்மைப் பிரித்துவைத்த எல்லைகள் தாம் வகுத்தவை அல்ல, மேலைநாட்டு வரலாறு வகுத்தவை என்று அறிக்கை விடுத்தனர். வெள்ளாளன்விளையில் பிறந்து டோர்னக்கல் பேராயரான வே. ச. அசரியா அதில் முன்னின்றார். (சாதிப் பிரிவு இம்மண்ணிலேயே விளைந்தது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.)

அதன்பின் இணைப்பு கைகூட 28 ஆண்டுகள் ஆயின. குருத்துவமே பெருந்தடையாக நின்றது. பேராயர் கைவைத்துத் திருநிலைப்படுத்தினாலன்றிக் குருத்துவம் நிறைவுறாது என்பது ஆங்கிலிக்கன் மரபு. ஏனையோர் மீண்டும் திருநிலை பெற இசைந்தால், அதுவரை தாம் நடத்திய திருவிருந்து குறையுடையது எனத் தாமே ஒப்பியதாகும். 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபை அவ்வொப்புதலைக் கேட்கவில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றின் குருமாரும் உள்ளவாறே ஏற்கப்பட்டனர். இனி வருவோரைப் பேராயரே திருநிலைப்படுத்துவர் என்பதற்கு ஏனையோர் இசைந்தனர். இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1948ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு முழு உறவை வழங்கவில்லை; நந்தியால் பகுதி ஆங்கிலிக்கருள் ஒரு சாரார் இணைய மறுத்தனர்.

1970 நவம்பர் 29இல் நாக்பூரில் தோன்றிய வட இந்தியத் திருச்சபை வேறு வழியை நாடியது. அங்குக் குருமார் அனைவர்மீதும் கைவைத்து வேண்டும் சடங்கு நிகழ்ந்தது. அதனைக் குருத்துவத்தின் நிறைவு என ஒருவரும், ஒன்றிப்பின் அடையாளம் என மற்றொருவரும் கொள்ள இடமிருந்தது. அனைவரும் ஒருங்கே தலைவணங்கினர் என்பது இதன் சிறப்பு. ஆயினும், ஒரே செயலுக்கு இருபொருள் இருக்க விடுவதினும், வேறுபாட்டை வெளிப்பட வைத்துக்கொண்டே இணைந்த தெற்கின் முறை வாய்மைக்கு அணுக்கமானது எனலாம்.

மூன்றாம் விடையொன்றும் உண்டு. தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இவ்விணைப்பில் சேரவில்லை. கோட்பாட்டில் உடன்பாடு முந்த வேண்டும், அமைப்பு அதன் பின்னரே வர வேண்டும் என்பது லுத்தரன் மரபின் நிலைப்பாடு. அதனைப் பிடிவாதம் என ஒதுக்குவோர், 1947இல் ஒத்திவைக்கப்பட்ட வினாவுக்கு விடை கூறும் கடப்பாடு உடையவராவர்.