கூட்டைத் திறப்பது யாருக்குப் புண்ணியம்?

கூட்டில் பறவை வளர்ப்பது பாவமா என்று கனடாவின் ஒஷாவாவில் என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பறவையை வாங்கி முடித்தவர்கள்தான். ஊரில் சைவசமயம் படிப்பித்தவள் என்பதால் இந்த வகைக் கேள்விகள் என் தொலைபேசிக்கு வந்து சேரும். போன குளிர்காலத்தில் ஒரு பிள்ளை எடுத்தாள்.

"ரீச்சர், மகனுக்கு ஏழரைச் சனி. கூட்டிலை இருக்கிற பறவையைத் திறந்துவிட்டால் குறையும் எண்டு சாத்திரி சொன்னவர். எங்கடை லவ் பேர்ட்ஸை விடட்டோ?"

"எங்கை விடப்போறியள்?"

"பின் வளவிலைதான்."

பின் வளவில் அப்போது முழங்காலளவு பனி.

அவள் கேட்டது மூட நம்பிக்கை என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பரிகாரத்தின் அடியில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது: அடைத்து வைப்பது தவறு, திறந்து விடுவது அறம். நம் ஆட்கள் காலங்காலமாக நம்பி வந்த இந்த எண்ணம் பாதி சரி. மீதிப் பாதிதான் பறவையைக் கொல்கிறது.

அவள் வீட்டில் இருந்தது பட்ஜி. ஊரிலும் சரி இங்கும் சரி நாம் அதை லவ் பேர்ட்ஸ் என்கிறோம். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளி. பட்ஜியின் சொந்த இடம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை பெய்த திசை தேடிப் பெருங்கூட்டமாக அலையும். ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் 1840இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்திரேலியா இன்று தன் காட்டுப் பறவைகளை வணிகத்துக்கு வெளியே அனுப்புவதில்லை. ஆகவே இங்கே கடைகளில் விற்கும் பட்ஜி கூட்டில் பிறந்த தாய்க்குக் கூட்டில் பிறந்த குஞ்சு. அதைப் "பழையபடி காட்டுக்கு" விட முடியாது. அது எந்தக் காட்டிலிருந்தும் வரவில்லை.

வெயில் காலத்தில் விடட்டோ என்று அடுத்த கேள்வி வந்தது. ஆடியில் விட்டாலும் அதற்கு இரை தேடத் தெரியாது, பருந்தைக் கண்டால் எங்கே ஒளிவதென்று தெரியாது. இரண்டையும் தப்பினாலும் மார்கழி வரும்.

ஒன்ராறியோ ஏரிக்கரையில் மக்லாக்லின் குடாப் பக்கம் நடப்பவர்களுக்குச் சிக்கடியைத் தெரியும். கறுப்புத் தொப்பி போட்ட சின்னக் குருவி. உள்ளங்கையில் சூரியகாந்தி விதை வைத்து அசையாமல் நின்றால் வந்திருந்து ஒன்றைக் கொத்திக்கொண்டு போய்விடும். ஏறத்தாழ 11 கிராம், பட்ஜியின் எடையில் மூன்றிலொரு பங்குதான். ஆனாலும் மைனஸ் 20இல் உயிரோடு இருக்கிறது. இலையுதிர் காலத்திலேயே விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் தனித்தனியாக ஒளித்து, இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். இரவில் தன் உடம்பின் சூட்டைப் பத்துப் பாகையளவு தானே குறைத்து, சேர்த்த கொழுப்பை மிச்சம் பிடிக்கும். பட்ஜிக்கு இதில் ஒன்றும் கைவராது. சிக்காகோவில் கிளிகள் பனியில் வாழ்கின்றனவே என்று என் மருமகன் வாதாடுவார். உண்மைதான். அவை தென் அமெரிக்காவின் மங்க் கிளிகள். சுள்ளிகளால் பெரிய கூடு கட்டிப் பல சோடிகள் சேர்ந்திருக்கும், குளிர்காலத்தில் மனிதர் வைக்கும் விதைத்தட்டையும் நம்பியிருக்கும். தனியே விடப்பட்ட பட்ஜிக்கு அந்தச் சுற்றமும் இல்லை.

அப்படியானால் திறந்து விடும் புண்ணியம் யாருடைய கணக்கில் ஏறுகிறது? கம்போடியாவின் புனொம் பென் அரண்மனை வாசலில் சிறு பறவைகளைக் கூட்டில் அடைத்து விற்பார்கள். காசு கொடுத்து வாங்கி, வேண்டிக்கொண்டு பறக்க விட வேண்டும். விடுவதற்கு ஆள் இருப்பதால்தான் பிடிக்கிறார்கள். அந்தச் சந்தையில் அறம் செய்பவரே முதல் வாடிக்கையாளர்.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே உள்ள ஜைன லால் மந்திரில் பறவைகளுக்கு என்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கேயும் விடுகிறார்கள், ஆனால் குணமான பிறகு, பறக்க முடிந்த பிறகு. தமிழ்நாட்டில் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதை இந்திய வனவுயிர்ச் சட்டம் தடுக்கிறது. கிளி ஜோசியக்காரரிடமிருந்து வனத்துறை கிளியை எடுத்துப்போவது செய்தியாகும். அது சரியென்றே நினைக்கிறேன், அந்தக் கிளிக்குத் தமிழ்நாடு சொந்த ஊர். அங்கேயும் அவசரம் கூடாது. வெட்டிய சிறகு அடுத்த இறகுதிர்ப்பில்தான் முளைக்கும்.

வகுப்பில் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தை நான் விரும்பிப் படிப்பித்ததுண்டு. அரசன் மகன் வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்து போகிறான். ஐம்புலன்கள்தாம் அந்த வேடர். குரு வந்து நீ யார் என்று உணர்த்த, அவன் வேடரை விட்டுத் தனக்குரிய இடத்தை அடைகிறான். அந்நூலைச் செய்த மெய்கண்டார் கதவைத் திறப்பதை விடுதலை என்று சொல்லவில்லை. உயிர் முன்செய்த தவத்தால் பக்குவப்பட வேண்டும், உணர்த்த ஒருவர் வேண்டும், போய்ச்சேர ஓர் இடமும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத திறப்பு கைவிடல். கூட்டில் பிறந்த பட்ஜிக்குத் திரும்பிப்போக ஓர் அரண்மனையே இல்லாமல் நாம் செய்துவிட்டோம். இனி அதைத் துரத்திவிட்டுக் கை கழுவ நமக்கு உரிமையில்லை. வினையைச் செய்தவர் அனுபவிக்க வேண்டும் என்பது நம் சமயம். இந்த வினையின் பெயர் பராமரிப்பு. பட்ஜிக்கு அது பத்து வருடம்வரை, கொக்கட்டீல் கிளிக்கு இருபது, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு நாற்பதையும் தாண்டும். ஒன்ராறியோவின் 2019ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டமும் ஒரு விலங்கைத் துன்பத்தில் விடுவதைக் குற்றம் என்கிறது.

பாவம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் கம்பியைக் காட்டமாட்டேன். வெறும் தினையை மட்டும் போட்டு, நிறையச் சாப்பிடுகிறதே என்று மகிழ்கிறோம். வைட்டமின் ஏ குறைந்து ஈரலில் கொழுப்பு ஏறுகிறது. கூட்டமாக வாழும் உயிரை ஒற்றையாக அடைத்து, துணைக்குக் கண்ணாடி வைக்கிறோம். நாக்கில் வசம்பு தேய்த்தால் பேசும் என்று அந்தச் சின்ன வாயைப் பிளக்கிறோம். பறவைக்குக் குரல் பிறப்பது நாக்கில் அல்ல, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை அடுப்பில் காயவிட்டு மறந்தால் எழும் புகை நமக்குத் தெரியவே தெரியாது, அடுத்த அறையில் கிளி செத்துக் கிடக்கும். மிளகாயைப் பற்றி மட்டும் யாரும் கவலைப்பட வேண்டாம், அதன் உறைப்பு பறவைக்குத் தெரியாது. பயப்பட வேண்டியது அவகாடோவுக்கு.

கோயிலிலும் கிளி இருந்ததே என்பார்கள். இருந்தது. மதுரையில் கிளிக்கூட்டு மண்டபம் இருக்கிறது. மீனாட்சியின் பெயரைச் சொல்லப் பழக்கிய கிளிகளை அங்கே கூட்டில் வைத்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆண்டாள் கையிலுள்ள கிளியை நாள்தோறும் புதிதாக இலைகளால் கட்டுகிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. இரண்டும் பக்திதான். எனக்கு வில்லிபுத்தூர் வழிதான் மேல்.

ஆகவே கேட்பவர்களிடம் இரண்டு சொல்கிறேன். வாங்காதவர் வாங்க வேண்டாம். வாங்கியவர் திறந்துவிட வேண்டாம். வைத்திருக்க முடியாவிட்டால் பறவை அறிந்த ஒருவர் கையில் கொடுங்கள். அந்தப் பிள்ளை விடவில்லை. பெரிய கூடு வாங்கி, கீரையும் கரட்டும் நறுக்கிப் போடுகிறாள். தோஷத்துக்கு என்ன செய்யட்டும் என்று திரும்பவும் கேட்டாள். ஏழரை வருடம் இந்தச் சோடியைப் பாருங்கோ, சனிக்கு அது போதும் என்றேன். ஒப்புக்கொண்டாள். ஒரு விஷயத்தில் மட்டும் இழுபறி: வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. பறவையின் நுரையீரலுக்கு அந்தப் புகை ஆகாது என்றால் சாமிக்கு ஆகுமே என்கிறாள். இப்போதைக்குச் சாம்பிராணிச் சட்டி கராஜுக்குப் போயிருக்கிறது, உள்கதவை இறுக்கிச் சாத்திவிட்டு.