கொடியில் கிடந்த ஸ்வெட்டர்

கடந்த டிசம்பரில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைத் தவறு என்பதா, சரி என்பதா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. மதுரையிலிருந்து கொடைக்கானல் போய் மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. புறப்படும் நாள் விடியற்காலையில், ஒன்பது வயது மகனின் ஸ்வெட்டர் மொட்டைமாடிக் கொடியில் கிடந்ததைப் பார்த்தேன். முந்தைய நாள் துவைத்துப் போட்டது. பைகள் கீழே வாசலில் தயாராக இருந்தன. எடுத்து வந்து வைக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் எடுக்கவில்லை.

மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தேன்.

ஒவ்வொரு விடுமுறைப் பயணத்துக்கும் என் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடும். மலைப்பாதையில் மகனுக்குக் குமட்டும். அரைமணி நேரம் முன்பே மாத்திரை கொடுக்க வேண்டும். மடியில் பாலிதீன் பை இருக்க வேண்டும். அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை மூன்று நாளைக்குக் கணக்காக வேண்டும். மலையில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில்கள். 2024 மே முதல் கொடைக்கானலுக்குக் காரில் போக இ-பாஸ் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை. பால்காரரிடம் சொல்ல வேண்டும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுக்க வேண்டும். விடுமுறை முடிந்ததும் பள்ளியில் தர வேண்டிய செயல்திட்டத்துக்குச் சார்ட் அட்டை வாங்கியாயிற்றா என்பதையும் இதற்கு நடுவில் நினைத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து முந்தைய நாள்தான் எனக்கு மூச்சு விட நேரம் கிடைத்திருந்தது.

இந்த முறை இணையரிடம் சொன்னேன்: “பிள்ளைங்களுக்கு எடுத்து வைக்கிற பொறுப்பு இந்தத் தடவை உங்களோடது. நான் கேக்க மாட்டேன், பாக்க மாட்டேன்.” அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். “இதென்ன பெரிய விஷயம்?” அவர் நல்ல மனிதர். காய் நறுக்குவார், துணி மடிப்பார், எதைச் சொன்னாலும் செய்வார். சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். வெயில் இறங்கியதும் குளிர் சட்டென்று ஏறியது. மகன் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு பல் கிட்டியபடி நின்றான். அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஏம்மா, புள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைக்கணும்னு உனக்குத் தோணலையா?”

இணையர் உடனே, “நான்தாம்மா மறந்துட்டேன்” என்றார்.

“அவனுக்கு என்ன தெரியும்?” என்றார் அத்தை, மறுபடியும் என்னிடமே.

இதற்குள் பதின்மூன்று வயது மகள் தன் தோள்பையைத் திறந்து, தனக்குச் சின்னதாகிப்போன பழைய ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துத் தம்பிக்கு மாட்டிவிட்டாள். “அப்பா மறந்துடுவாருன்னு தெரியும்மா. அதான் எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்.” அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. “பாரு, எவ்வளவு பொறுப்பு! பொம்பளப் புள்ள பொம்பளப் புள்ளதான்.” இணையரும் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். எல்லோரும் நிம்மதியாக வேர்க்கடலை வாங்கிக்கொண்டு நடந்தோம். எனக்கு மட்டும் அந்தக் கடலை இறங்கவில்லை.

அன்றிரவு என்னை நானே விசாரித்துக்கொண்டேன். பெரியவர் ஒருவருக்குப் புத்தி வரட்டும் என்று ஒரு குழந்தையைக் குளிரில் நிற்க விடலாமா? கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் எங்கள் வழக்கில் ஒரு தரப்பு அல்ல. அவனைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தியிருக்கக் கூடாது.

ஆனால் விசாரணையை அதோடு முடிக்க மனம் வரவில்லை. பார்த்தும் எடுக்காதது குற்றம் என்றால், பார்க்காமலே இருந்தது என்ன? ஒழுக்கம் பற்றிப் பேசும்போது தெரிந்தும் செய்யாதவரைக் கடிந்துகொள்கிறோம். தெரியாமல் விட்டவரை மன்னித்துவிடுகிறோம். பொதுவாகப் பார்த்தால் நியாயமான வழக்கம்தான். வீட்டுக்குள் அது வேறு மாதிரி வேலை செய்கிறது. எது எங்கே கிடக்கிறது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எது எப்போது தீரும் என்று ஒருத்தி தெரிந்து வைத்திருக்கிறாள். தெரிந்து வைத்திருப்பதாலேயே எந்தக் குறைக்கும் அவளே பொறுப்பாகிறாள். தெரிந்துகொள்ள முயலாதவருக்கு அறியாமையே பாதுகாப்பு. “அவனுக்கு என்ன தெரியும்?” என்ற ஒரு கேள்வியில் நாற்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் விடுதலையாகிவிட்டார்.

இந்திய அரசு 2019-லும் 2024-லும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் நாளும் அதிகாலை 4 மணியிலிருந்து அரைமணி அரைமணியாகப் பிரித்துப் பதிவானது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிடுவது 2019-ல் 299 நிமிடங்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். 2024-ல் இது 289, 88 என்று ஆனது. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குக் குறைந்தது 10 நிமிடம். ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. இந்தக் கணக்கு மிக முக்கியமானது. வகுப்பில் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. ஆனால் ‘குமட்டல் மாத்திரையை நினைவில் வைத்திருப்பது’ எந்த அரைமணியில் அடங்கும்? விடைத்தாள் திருத்தும்போதும், பேருந்தில் நிற்கும்போதும், தூக்கத்தில் புரளும்போதும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. வேலையிலிருந்து விடுமுறை எடுக்கலாம். நினைவிலிருந்து எப்படி எடுப்பது?

வேலைநிறுத்தம் செய்யலாமே என்பார்கள். ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் முதலாளிக்கு நட்டம். வீட்டில் இருப்பவள் நிறுத்தினால் முதலில் நடுங்குவது குழந்தை. பராமரிப்பு வேலையின் பொறி இதுதான். நம்மைச் சார்ந்திருப்பவர்களின் உடம்பே நமக்குப் போட்ட விலங்காகிவிடுகிறது.

ஐஸ்லாந்துப் பெண்கள் இந்தப் பொறியைத் திறந்து காட்டினார்கள். 1975 அக்டோபர் 24 அன்று அந்த நாட்டுப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அலுவலகம், சமையல், பிள்ளை வளர்ப்பு அனைத்தையும் நிறுத்தினார்கள். ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘பெண்களின் ஓய்வு நாள்’ என்று பெயர் வைத்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைத் தங்கள் வேலையிடங்களுக்குக் கூட்டிப்போனார்கள். சுலபமாகச் சமைக்கக்கூடிய சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது. அந்தப் பெண்கள் பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிட்டுப் போகவில்லை. நாள் குறித்து, வெளிப்படையாக அறிவித்து, அப்பாக்களின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூட்டாகச் செய்ததால், குறையை எந்த ஒருத்தியின் தலையிலும் சுமத்த முடியவில்லை.

நான் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்குப் புரிகிறது. நான் வாயால் ஒப்படைத்தேன். கண்ணால் வேவு பார்த்தேன். அவர் தோற்க வேண்டும் என்று எனக்குள் ஒரு மூலை விரும்பியது. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நான் விட்ட இடத்தை அவர் நிரப்புவார் என்று நினைத்தேன். நிரப்பியது என் மகள்.

தண்ணீர் பள்ளத்தைத் தேடுவது மாதிரி, வீட்டில் ஒரு பெண் இறக்கி வைக்கும் சுமை அடுத்த பெண்ணைத் தேடிப் போகிறது. நான் பட்டியலைக் கீழே வைத்த அன்றே அவள் அதை எடுத்துக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. என்னையும் ஒரு காலத்தில் யாரும் கேட்டதில்லை. ‘பொறுப்பான பொண்ணு’ என்ற பாராட்டை முதன்முதலாக வாங்கியபோது எனக்கும் இனித்தது. அந்த இனிப்புக்கு நாற்பது வயது தாண்டியும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். மார்கழியில் மலையேறிய நாங்கள் இலக்கண சுத்தமாகக் குறிஞ்சிக்குத்தான் போயிருந்தோம். ஆனால் அந்த இரவில் எனக்குத் தலைவியின் நினைவு வரவில்லை. செவிலியின் நினைவுதான் வந்தது. அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. தலைவி உடன்போக்கில் போய்விட்டால், அவளைத் தேடிப் பாலைவழியில் நடப்பவளும் செவிலிதான். தோழி யார் என்றால், செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. தாயின் வேலையைச் செய்கிறவளுக்கு ஒரு மகள். அந்த மகளின் வேலையோ தலைவிக்காகத் தூது போவதும், பேசுவதும், கவலைப்படுவதும். இருபது ஆண்டுகளாக இதை உறவுமுறை பற்றிய ஒரு குறிப்பாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வேலை எப்படித் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குகிறது என்பதற்கான சான்றாக ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அறைக்கு வெந்நீர் வாளி வந்தது. கொண்டுவந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பின்னால் துண்டுகளைச் சுமந்துகொண்டு பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. “லீவுல வீட்ல தனியா விட முடியல மேடம். கூட வந்தா ஒரு கை ஒத்தாசையா இருக்கும்.” என் பிள்ளைகளுக்கு வந்த அதே அரையாண்டு விடுமுறைதான் அந்தச் சிறுமிக்கும். எங்கள் விடுமுறை அவள் அம்மாவுக்கு சீசன். வாரம் ஒருநாள் லீவு உண்டா என்று கேட்டேன். “எடுக்கலாம், அன்னிக்குக் கூலி இல்ல.”

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. அவை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவு, ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. வெந்நீர் சுமந்தவளுக்கு விடுமுறை உண்டு, ஊதியம் இல்லை. வீட்டில் எனக்கு ஊதியமும் இல்லை, விடுமுறையும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். எனக்குக் கல்லூரிச் சம்பளம் இருக்கிறது. மூன்று நாள் அவள் மேல் என் சுமையை இறக்கி வைக்க அதனால்தான் முடிந்தது. கிளம்பும்போது கொஞ்சம் பணம் கொடுத்தேன். அது என் உறுத்தலுக்குக் கொடுத்த விலை; அவள் உரிமைக்கு ஈடாகாது. பெண்களின் ஓய்வு பற்றிப் பேசும்போது, அந்த ஓய்வின் சுமை எங்கே போய் இறங்குகிறது என்று கடைசி வரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால், நாம் பேசுவது நம் ஒருத்தியின் வசதியைப் பற்றித்தான்.

“பாசத்துல செய்யறதை எல்லாமா கணக்குப் பாப்பாங்க?” என்று அத்தை கேட்பார். அவர் நாற்பது ஆண்டுகள் கணக்குப் பார்க்காமல் செய்தவர். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் தகுதி உண்டு. மகனுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிடுவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பாசம்தான் காரணம் என்றால், இந்த வீட்டில் பாசமுள்ளவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஏன் பட்டியல் மட்டும் ஒரே தலைக்குள் இருக்கிறது?

ஊர் திரும்பியதும் இணையரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடியில் ஸ்வெட்டரைப் பார்த்ததையும் சேர்த்து. அவருக்குக் கோபம் வந்தது. “புள்ள நடுங்கறதைப் பாத்துக்கிட்டு இருந்தியா?” அந்தக் கோபம் நியாயம் என்று ஒப்புக்கொண்டேன். “மொட்டைமாடிக்கு நீங்க ஏன் போகல?” என்றும் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை அவர். பிறகு, “துணி அங்க காயுதுன்னே எனக்குத் தோணல” என்றார். எங்கள் இருபது ஆண்டு வாழ்க்கையில் வீட்டு வேலை பற்றி அவர் சொன்னவற்றில் மிக நேர்மையான வாக்கியம் அதுதான்.

காணும் பொங்கலுக்கு அழகர்கோயில் போனோம். இம்முறை எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் பேசிப் பிரித்துக்கொண்டோம். சாப்பாடு அவர் பொறுப்பு. தண்ணீர், தட்டு, பாய் மகன் பொறுப்பு. அத்தையின் மாத்திரையும் அவருடையதுதான். மகளிடம், “உனக்கு எதுவும் இல்ல” என்றேன். “எதுவுமேவா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

தக்காளிச் சாதத்தில் உப்புக் குறைவு. மகன் பாயை மறந்துவிட்டான். வெறும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தை என்னைப் பார்த்து வாயெடுத்தவர், பேரன் பக்கம் திரும்பி, “பாய் எங்கடா?” என்று கேட்டார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது!

மகள்தான் நிலைகொள்ளாமல் இருந்தாள். பையைத் திறப்பதும் எட்டிப் பார்ப்பதும் மூடுவதுமாக. “விடும்மா” என்றேன். அவளுக்கு அது பழகக் கொஞ்ச நாள் ஆகும். எனக்கும்தான், அவள் பையைத் திறந்தது ஐந்து தடவை என்று எண்ணி வைத்திருக்கிறேனே.