பிரானூர் பார்டர்

சுரண்டையில் காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தோம். ஐம்பதைத் தாண்டிய நாலு பேர். கூடவே ஒருவனுடைய மகன், சென்னையில் பிறந்து வளர்ந்தவன். கொல்லம் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்புவதாகத் திட்டம். கடல்தான் வேண்டுமென்றால் திருச்செந்தூர் இருக்கிறது. ஏன் கொல்லம் என்று யாரும் கேட்கவில்லை.

ஓட்டியவன் கம்பி. அது அவன் பெயர் இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சீசனில் பழைய குற்றாலம் போனோம். எல்லோரும் அருவிக்குள் நுழைய, இவன் மட்டும் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றான். இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. திரும்பும் பஸ்ஸிலேயே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆடி மாதம். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக் காட்டோரம் விடிந்தும் விடியாமலும் கேரளா நம்பர் வண்டிகள். 1992-இல் 'ரோஜா' படம் எடுத்த ஊர். அவர்கள் நம் பூவைப் பார்க்க வருகிறார்கள், நாம் அவர்கள் கடலைப் பார்க்கப் போகிறோம். தென்காசியை நெருங்கும்போதே ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தது. செங்கோட்டை தாண்டினால் புளியரை, அப்புறம் மலை.

எஸ் வளைவில் எதிரே ஒரு வைக்கோல் லாரி, ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. கம்பி பதறவில்லை. இருபது வருஷம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி மழையில் இதே ரோட்டில் போய் வந்தவன். முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கைப் பார்த்தே ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வருகிறதா என்று சொல்லிவிடுவான். மற்ற மூன்று பேரும் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்படிப் பிடித்துக்கொண்டேதான், "ஏல கம்பி, பைய போல" என்றோம்.

சில வருஷங்களுக்கு முன் அவன் அம்மா தவறியபோது சுரண்டை பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மகன்கள் பெயர் வரிசையில் அவன் பெயரையும் படித்தேன். யாரோ என்று நடந்துவிட்டேன். பத்தடி போன பிறகுதான் உறைத்தது.

பழைய சிநேகிதர்களுக்கு நம்மை நன்றாகத் தெரியும் என்கிறோம். எனக்குச் சந்தேகம்தான். எங்களுக்குத் தெரிந்தது பதினைந்து வயதுக் கம்பியை. அதற்குப் பிறகு வந்தவனை அவன் பெண்டாட்டிக்குத் தெரியும், மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்களுக்குத் தெரியும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. ஜனங்கள் சிதறி ஓடும் வீடியோவைப் போனில் பார்த்தபோது முதலில் இவன் முகம்தான் வந்தது. அன்றைக்கு அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டதற்குப் பயம் என்று பெயர் வைத்தது நாங்கள். வெள்ளத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் முதலில் போன் போட்டு "போவோமால?" என்று கேட்பவன் அவன்தான். டீசலும் அவன்தான் போடுவான். அந்தப் பதினைந்து வயதுப் பையனை இன்னும் கைவசம் வைத்திருப்பவர்கள் உலகத்தில் நாங்கள் மூன்று பேர்தானே. அவனைப் பார்க்கத்தான் வருகிறானோ என்னவோ. அப்படியென்றால் நாங்கள் செய்வது காவலா, சிறைவைப்பா? மலை இறங்கும்வரை இதையே யோசித்துக்கொண்டிருந்ததில், கழுதுருட்டியில் 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பதிமூன்று கண் பாலத்தைப் பையன் படம் எடுத்ததைக்கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கொல்லத்தில் கடல் இருந்தது. பார்த்தோம்.

திரும்பும்போது ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு உட்கார்ந்தோம். பையன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "பார்டர்னு போர்டு இருக்கு. பார்டர் எங்க மாமா?"

"அது மலைக்கு மேல போயிட்டு மக்கா. அம்பத்தாறுலயே" என்றான் கம்பி. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது, எல்லை இந்த இடம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை நம் பக்கம் வந்ததும் எல்லை புளியரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்று இலையில் விரலால் கோடு போட்டே விளக்கினான்.

"அப்போ ஏன் இன்னும் பார்டர்னு சொல்றீங்க?"

"சொல்லிப் பழகிட்டு."

பையன் கொஞ்ச நேரம் சால்னாவைக் கிளறினான். "உங்கள ஏன் மாமா கம்பின்னு கூப்பிடறாங்க?"

நாங்கள் மூன்று பேரும் இலையைப் பார்த்தோம். கம்பி நிதானமாகப் பரோட்டாவைப் பிய்த்தான்.

"நான் முன்னால கம்பி வியாபாரம் பாத்தேன்லா. கட்டடத்துக்குப் போடுற கம்பி. டன் கணக்குல போச்சு."

பையன் எங்களைப் பார்த்தான்.

"ஆமால" என்றான் அவன் அப்பா.

"நல்ல லாபம்" என்றேன் நான்.