ஹேண்ட்பிரேக்கும் பூனைக்குட்டியும்

ஒரகடத்தில் நான் பார்க்கிற வேலையைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். ஹேண்ட்பிரேக் லீவர். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், இழுத்தால் கடகடவென்று பல் ஏறுமே, அந்தக் கைப்பிடி. கார் கம்பெனிகளுக்கு அதைச் செய்து கொடுக்கிற ஒரு வெண்டரிடம் பதினைந்து வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். ஐரோப்பாவுக்குப் போகிற காராக இருந்தால், முழுப் பாரத்தோடு நூற்றுக்கு இருபது சரிவில், ஏற்றத்திலும் இறக்கத்திலும், அது வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குக் கை கொடுக்கிற விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் நாற்பது கிலோ.

“மனுஷ முயற்சிக்கு நாற்பது கிலோ போதும்னு எல்லை போட்டிருக்கான் சார்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஓனரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓனர் ரிட்டயர்டு வாத்தியார். எண்பதைத் தொட்டவர், நெற்றியில் தென்கலை நாமம். ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. நான் வந்தவாசிப் பக்கம், எங்களுக்குப் பச்சையம்மன். வைணவம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் திண்ணையில் கேட்டதுதான். 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இது டோல்கேட்டும், கார் கேரியர் லாரிகளும், ஷிப்ட் விட்டுத் தலை சாய்ந்து தூங்குகிற கம்பெனி பஸ்களும்தான். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

ராமானுஜருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒரு கேள்வியில் இரண்டாகப் பிரிந்தார்கள். சரணாகதி பண்ணுகிற உயிர் ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா? குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும். தாய் தாவுவாள், பிடி குட்டியினுடையது. பூனைக்குட்டி சும்மா கிடக்கும். தாய் கவ்விக்கொண்டு போவாள். வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார், நம் பக்கத்தில் ஒரு சின்ன வியாஜமாவது வேண்டும், அதைச் சாக்காக வைத்துத்தான் அருள் இறங்கும் என்பார்கள். பிள்ளை லோகாசாரியர் வழியில் வந்த தென்கலையாருக்கு அந்தச் சாக்கும் வேண்டாம். வாத்தியார் பூனைக் கட்சி. பிடிக்கிற பொருளையே பிழைப்பாக வைத்திருக்கிற நான், வேறு வழியில்லாமல், குரங்குக் கட்சி.

“திரௌபதி ரெண்டு கையையும் தூக்கின அப்புறம்தானே புடவை வந்தது?” என்பார். உபன்யாசத்தில் மாமூலாக வருகிற உதாரணம். “ரெண்டு கையையும் விட்டு ஓட்டினா எங்க ஊர்ல கேஸ் போடுவான் சார்” என்பேன். பேச்சு அதற்கு மேல் நகராது. தமிழில் ‘கைவிடுதல்’ என்ற சொல்லே அப்படி. நான் பிடியைத் தளர்த்தினாலும் கைவிடுதல், பெருமாள் என்னை அம்போவென்று விட்டாலும் கைவிடுதல். ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுவைத்தால் மனுஷன் எதை நம்பிக் கையை எடுப்பான்?

பெண்ணின் கல்யாணம் முடிந்த வருடம் சேர்த்து வைத்திருந்த லீவைப் போட்டுவிட்டு, என் பழைய ஆம்னியில் கிளம்பினேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகையும் மெத்தையும் போட்டிருந்தேன். ஒரு ஸ்டவ், இரண்டு தண்ணீர்க் கேன். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லக்கோட்டை முருகனிடம் நிறுத்தி, நாலு எலுமிச்சையை நசுக்கிவிட்டுப் புறப்பட்டேன். துவாரகை வரை போவதாகத் திட்டம். அது நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று என்று தெரிந்ததும் வாத்தியார் கையில் நூறு ரூபாய் திணித்து, “உண்டியல்ல என் பேரைச் சொல்லிப் போடுங்கோ” என்றார்.

தனியாகப் போகிறவனுக்குப் பகலில் ஒன்றுமில்லை. ராத்திரிதான் கஷ்டம். பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்துவேன். ஹேண்ட்பிரேக்கை இழுப்பேன், கியரில் போடுவேன், சக்கரத்துக்குக் கீழே கல் வைப்பேன். அப்புறமும் பலகையில் படுத்து ஒரு காதைத் திறந்தே வைத்திருப்பேன். சூரத் போய்ச் சேர்வதற்குள் கண் எரிய ஆரம்பித்துவிட்டது.

சூரத்துக்குப் பக்கத்தில் ஹஜீராவிலிருந்து காம்பத் வளைகுடாவைக் கடந்து கோகாவுக்கு, வண்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் போகிறது. 2020 நவம்பரில் தொடங்கியது. தரைவழி சுற்றிப் போனால் சுமார் 370 கிலோமீட்டர், கடலில் 90. சூரத்துக்கு வைரம் பட்டை தீட்டப் போன சௌராஷ்டிரக்காரர்கள் ஊர் திரும்புகிற வழி. தீபாவளிக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நம் பையன்கள் முண்டியடிப்பதுபோல. முழு ராத்திரிப் பயணம் அல்ல, நாலு மணி நேரம்தான். ஏறும்போது வெயில் இருந்தது, இறங்கும்போது நல்ல இருட்டு.

கீழ்த்தளத்தில் லாரிகளுக்கு நடுவே என் ஆம்னியை நுழைக்கச் சொன்னார்கள். டீசல் புகையும் உப்பும் கலந்த காற்று, காலடியில் அதிர்கிற இரும்பு. முன்னால் மூட்டை கட்டிய லாரி. பின்னால் ஒரு குடும்பத்தின் புதுக் கார், சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆரஞ்சுச் சட்டைப் பையன் கண்ணாடியில் தட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுப்பதுபோலக் கையால் காட்டினான். பிறகு மேலே போகச் சொல்லி விரலை நீட்டினான். இழுத்தேன். ஏழு பல். எண்ணுவது தொழில் பழக்கம். பையன் குனிந்து சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

ஆனால் நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கப்பல் கிளம்பினால் என் வண்டியும் கிளம்பும், அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது புத்திக்குத் தெரிகிறது. கை நம்ப மாட்டேன் என்கிறது. பையன் திரும்பி வந்து இன்னொரு முறை தட்டினான்.

மேலே போய், சேறு கரைத்த நிறத்தில் இருந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சீட்டில் சாய்ந்தேன், அவ்வளவுதான். வீட்டை விட்டுக் கிளம்பி ஐந்து நாளில் அதுதான் முதல் தூக்கம். வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, ஓட்டுகிறவன் தூங்குகிறான், தப்பு ஒன்றும் இல்லை!

விழித்தபோது வாத்தியாரை நினைத்துக்கொண்டேன், பூனைக்குட்டி இதுதானா என்று. கூடவே, குவாலிட்டி வகுப்பில் எங்களுக்குப் போட்டுக் காட்டிய ஒரு கப்பலும் நினைவுக்கு வந்தது. 1987 மார்ச் 6, பெல்ஜியத்தின் ஸீப்ரூக துறைமுகம், ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’. இதே மாதிரி வண்டி ஏற்றுகிற கப்பல். முன்கதவை மூட வேண்டியவர் அறையில் தூங்கிவிட்டார். மூடியிருப்பார் என்று நினைத்து கேப்டன் கிளப்பிவிட்டார். துறைமுகத்தைத் தாண்டிய சில நிமிடத்தில் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் செத்துப்போனார்கள். தாய்ப்பூனை தூங்கிவிட்டால் குட்டியின் கதி? ஊர் திரும்பி வாத்தியாரிடம் இதைக் கேட்டேன். “கேப்டனும் நம்மள மாதிரி ஒரு குட்டிதானே தம்பி. குட்டியைப் போய்த் தாய்னு வெச்சுண்டா?” என்றார். செத்தவர்களின் வீட்டாரிடம் இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வராது. உவமை எந்த இடத்தோடு நிற்கிறது என்பதை மட்டும் அது எனக்குக் காட்டியது.

அன்றைக்குக் கப்பலில் என்னைக் குடைந்த கேள்வி வேறு. அந்தக் கப்பல் உண்மையாகவே ஆடினால் என் ஏழு பல்லால் என்ன ஆகப் போகிறது? எண்ணூர் துறைமுகத்தில், கப்பலுக்குள் ஏற்றுமதிக் கார்களைக் கட்டுவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். காருக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. ஒவ்வொன்றையும் பெல்ட் போட்டுத் தளத்தோடு இறுக்குவார்கள். அதற்கு முன்னால் ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிடுவார்கள். கடல் தாண்டுவதற்கும் அந்தப் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லை. அது இல்லாவிட்டால் என் வண்டி உருண்டு பக்கத்து வண்டியில் முட்டும், பாலிதீன் பிரிக்காத அந்தப் புதுக் காரில். பையன் கேட்டது அவ்வளவுதான். என்னைக் கரை சேர்க்க என் கைபலத்தை அவன் கேட்கவில்லை.

இதை வைத்துப் பார்க்கும்போது ராமானுஜர் எனக்குக் கொஞ்சம் பிடிபடுகிறார். பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில் சரணாகதி பண்ணிய அதே மனிதர்தான் அந்தக் கோயிலின் நிர்வாகத்தை அடியிலிருந்து ஒழுங்குபடுத்தினார், யாருக்கு எந்தக் கைங்கரியம் என்று பிரித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் பெருமாளிடம் ஒப்படைத்தவருக்கு இத்தனை வேலை எதற்கு என்று முன்பெல்லாம் தோன்றும். அந்த வேலை மோட்சத்துக்கான கட்டணமாக இருந்திருக்காது. பக்கத்தில் நிற்கிற வண்டிகளுக்காகச் செய்ததாக இருக்கும். வாத்தியார் இதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. “அப்படியும் வெச்சுக்கலாம்” என்றார். பரீட்சைத் தாளில் பாதி மார்க் போடுகிற குரல்.

கோகாவில் இறங்கினதைச் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருட்டில் எல்லோரும் ஹாரன் அடிக்க, தூக்கக் கலக்கத்தில் நானும் ஸ்டார்ட் பண்ணிச் சாய்வுப் பாலத்தில் ஏறி வெளியே வந்துவிட்டேன். வண்டி என்னவோ இழுவையாகவே வந்தது. பாவ்நகர் சாலையில் மூன்று கிலோமீட்டர் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. ஹேண்ட்பிரேக்கை எடுக்கவே இல்லை. பின்சக்கர டிரம் தொட முடியாத சூடு. உள்ளே பிரேக் ஷூ தீய்ந்துபோயிருந்தது. பதினைந்து வருட ஹேண்ட்பிரேக் குவாலிட்டி!

“கரைக்கு வந்தப்புறமும் பிடிச்சிண்டே இருந்தேளா?” வாத்தியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எப்படித் தெரிஞ்சது?”

“வாசனை சார்.”

சிரிப்பு நின்றுவிட்டது. “வாசனை” என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு அவர் படித்த புத்தகங்களில் வேறொரு பழைய பொருள் உண்டு: உயிரில் ஒட்டிக்கொண்டு விடாமல் வருகிற பழைய பழக்கம். பிறகு வீட்டுக்குள் திரும்பி, மாமியிடம் இரண்டு காபி போடச் சொன்னார்.